தலைதீபாவளி வேட்டியும் இரண்டு அண்டாவும்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை துணி துவைக்கக் கூடாது. சாஸ்திரம் சம்பிரதாயம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு டிரையரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் இவர் தன்னுடைய அண்டாவைச் செருகியிருப்பார். 5,500 வாட் ஹீட்டர், 240 வோல்ட், 30 ஆம்ப். கராஜுக்குப் பக்கத்தில் அதைத் தாங்குகிற பிளக் பாயின்ட் டிரையருக்குக் கொடுத்திருப்பது ஒன்றுதானாம். பீர் காய்ச்சுகிற நாளில் ஈரத் துணியோடு நான் நிற்பேன், இவர் அண்டாவோடு நிற்பார்.

இந்த அண்டா வாங்கிய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீடு வாங்கும்போது வந்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டை இவர் இன்றுவரை முழுசாகப் படித்ததில்லை. கூரை ஒழுகியபிறகு நான்தான் படித்தேன். ஆனால் பீர் காய்ச்ச ஒரு பாத்திரமா, இரண்டா, மூன்றா என்று முடிவெடுக்க ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு, அதில் கலர் கலராகக் கட்டம் அடித்து, குளிர்காலம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று என்றால் ஒன்றில் வெந்நீர், ஒன்றில் தானியம் ஊறும், ஒன்றில் சாறு கொதிக்கும். அதற்கு ஸ்டாண்டு, இரண்டு பம்ப் எல்லாம் வேண்டும், என் கார் வெளியே பனியில் நிற்க வேண்டும். ஒன்று என்றால் அரைத்த மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, பெரிய துணிப்பையில் கட்டி வெந்நீரில் ஊறப்போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கி வடியவிட்டு, அதே பாத்திரத்தில் அப்படியே கொதிக்கவைத்துவிடலாம். செலவு கம்மி, கழுவ வேண்டியதும் ஒன்றே ஒன்று. கேட்டதுமே இதையே வாங்குங்கள் என்றேன். "பையில கட்டி முக்கி எடுக்கிறதுக்கு டீ போட்டுக் குடிச்சிட்டுப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டு ஷீட்டில் அந்த வரிசையையே அழித்துவிட்டார்.

ஆக, இரண்டு. கீழே இருக்கிற அண்டாவில் ஹீட்டர். மேலே மேஜையில் இருக்கிற அண்டாவில் துளைத்தட்டு போட்டு அதன்மேல் மால்ட். கீழேயிருந்து பம்ப் வெந்நீரை மேலே ஏற்றும், அது மால்ட் வழியாக இறங்கித் தட்டில் வடிகட்டித் தானாகக் கீழே வரும். ஒரு மணி நேரம் 66 டிகிரியில் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாகிவிடும். அப்புறம் மேலே இருப்பதை மொத்தமாக வடியவிட்டு, கீழ் அண்டாவிலேயே கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் ஆயிற்று. கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. மேல் அண்டாவை மட்டும் ஒரு சைஸ் சின்னதாக வாங்கினால் நாற்பது டாலர் மிச்சம் என்று அதே எக்ஸெல் ஷீட் சொன்னதாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரும் சரியில்லை. அமெரிக்காவில் இருக்கிற இந்த மில்வாக்கியில் பேஸ்பால் டீமுக்கே ப்ரூவர்ஸ், அதாவது பீர் காய்ச்சுகிறவர்கள், என்றுதான் பெயர். பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர் எல்லாம் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் வளர்த்துவிட்ட பீர் ஆலைகள். கொஞ்சம் வடக்கே போனால் சில்டன் என்கிற ஊரில் மால்ட்டே தயாரிக்கிறார்கள். பெவாக்கி கோயிலுக்கு வாராவாரம் வருகிற நம் ஆட்களில் பாதிப் பேர் கராஜில் ஏதோ ஒன்று புளித்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பேர் அதைக் குடித்துப் பார்த்து நாசூக்காக "வித்தியாசமா இருக்கு" என்கிறவர்கள்.

இதற்கு நடுவில்தான் மன்னார்குடியிலிருந்து அத்தை வந்து இறங்கினார். கராஜைப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி: "ஏன் தம்பி, இது ஊறல்தானே?"

இவர் சட்டம் பேச ஆரம்பித்தார். "அம்மா, இங்க தப்பில்ல. 1978லயே கார்ட்டர் கையெழுத்துப் போட்டுட்டாரு."

"அவரு யாரு, தாசில்தாரா?" அன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதி.

நம் ஊரில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கடையில் அரசாங்கமே விற்கலாம், வீட்டில் நீங்கள் ஊறல் போட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். வாய்க்கால் கரையில் போலீஸ் பானை உடைத்ததை நேரில் பார்த்தவர் அத்தை. ஆகவே முதல் வாரம் முழுக்க, தெருவில் தபால் வண்டி வந்து நின்றாலே கராஜ் கதவை இறக்கிவிடுவார். இங்கே வயது வந்தவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு 200 காலன் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது என்று இவர் பொறுமையாக விளக்கினார். விளக்கும்போதே முகத்தில் ஒரு பிரகாசம். அம்மா வந்திருக்கிறாரே, 300 ஆகுமோ என்று. ஆகாது. வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும் 200தான். நானும் என் பங்குக்குக் கணக்குப் போட்டேன்: ஒரு தடவைக்கு 5 காலன், 200க்கு 40 தடவை, 40 சனிக்கிழமை. வருஷத்தில் துணி காயவைக்க எனக்கு மிஞ்சுவது 12 சனிக்கிழமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து குடித்த காபி டம்ளரை ஸிங்க் வரைக்கும் கொண்டுவந்து வைக்காதவர், காய்ச்சுகிற நாளில் மட்டும் ஒவ்வொரு குழாயையும் மூடியையும் கரண்டியையும் கிருமிநாசினியில் முக்கி எடுத்து, கையை உயர்த்தியபடி யார் மேலும் படாமல் நடப்பார். சின்னவள் ஓடிவந்து அப்பாவைத் தொட்டுவிட்டால் திரும்பப் போய்க் கை கழுவுவார். அத்தையின் மாமியார்கூட இவ்வளவு மடி பார்த்ததில்லையாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை கோதுமை பீர் காய்ச்சுவதாகத் திட்டம். ஜெர்மன்காரர்கள் கணக்கில் அந்தப் பெயருக்குப் பாதிக்குப் பாதியாவது கோதுமை மால்ட் இருந்தாக வேண்டும். பார்லிக்கு உமி உண்டு. அந்த உமிதான் அண்டாவின் அடியில் படிந்து சாற்றை வடிகட்டிக் கொடுக்கிறது. கோதுமைக்கு உமி கிடையாது, தண்ணீர் பட்டால் பசையாகிவிடும். அதனால் கோதுமை போடுகிறவர்கள் கூடவே ஒரு கை நெல் உமியைக் கலந்துவிடுவார்கள். இந்த ஊரில் பீர் சாமான் விற்கிற கடையில் உமியைப் பாக்கெட் போட்டு, மேலே லேபிள் ஒட்டி, பவுண்டு இரண்டரை டாலருக்கு விற்கிறார்கள். இவர் ஒரு பாக்கெட் வாங்கி சமையலறை அலமாரியில் வைத்திருந்தார்.

ரைஸ் மில் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட பெண்மணி அதைப் பார்த்தால் என்ன ஆகும்?

"ஏம்மா, உமியைக் காசு குடுத்தா வாங்குனான்?" என்று என்னிடம் கேட்டார். எவ்வளவு என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவருக்கு டாலரை ரூபாயாக்க ஃபோன் தேவையில்லை. "இருநூறு ரூவாய்க்கு மேலேயா! அங்க லாரி லாரியாக் கெடக்குது." அன்று முழுக்க யாரிடம் ஃபோன் பேசினாலும் இதே பேச்சு. மன்னார்குடிக்குத் தெரிந்து, தஞ்சாவூருக்குத் தெரிந்து, சிங்கப்பூரில் இருக்கிற நாத்தனாருக்கும் தெரிந்துவிட்டது. இவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை. வெந்நீர் ஏறியது, மால்ட் விழுந்தது, பம்ப் ஓடியது. உமி போட மறந்துவிட்டார். எக்ஸெல் ஷீட்டில் உமிக்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. கால் மணி நேரத்தில் மேல் அண்டா அடைத்துக்கொண்டது. பம்ப் பாட்டுக்கு மேலே ஏற்றிக்கொண்டே இருக்கிறது, கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. கீழ் அண்டாவில் தண்ணீர் வற்றி ஹீட்டர் கம்பி தலையைக் காட்டுகிறது. மேல் அண்டா, அந்த நாற்பது டாலர் மிச்சம் பிடித்த அண்டா, விளிம்பு தட்டி வெல்லப்பாகு கணக்காகக் கராஜ் தரையில் வழிகிறது. இவர் ஸ்விட்சை அணைப்பதா, பம்பை நிறுத்துவதா, சின்னவளைத் தூக்குவதா என்று தெரியாமல் மூன்று பக்கமும் ஓடினார். நான்தான் போய் அணைத்தேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தாத்தா வந்துவிட்டார். அந்தக் காலத்தில் ஏதோ பீர் ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், எங்கள் கராஜ் கதவு திறந்தால் அவருக்கு மூக்கு வேர்க்கும். கிளறிவிடு என்றார், இவர் கிளறினார். குழாயில் வாய்வைத்து ஊது என்றார், இவர் கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். உள்ளே 'புளுக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. தாத்தா தலையை ஆட்டிவிட்டு, உமி இருக்கிறதா என்று கேட்டார்.

இவர் அலமாரிக்கு ஓடினார். இல்லை. "அம்மா, இங்க ஒரு பாக்கெட் இருந்துச்சே?"

அத்தை ஒன்றும் பேசவில்லை. ஈ என்று பல்லைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டரை டாலர் உமியும் பின்பக்கம் கிரில்லில் வைத்த இரும்புச் சட்டியில் வெந்து உமிக்கரியாகி, என்னுடைய பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. வந்ததிலிருந்து பேஸ்ட்டில் பல் தேய்த்து வாயே விளங்கவில்லையாம்.

இவர் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். அத்தை மேல் அண்டாவை எட்டிப் பார்த்தார். ஒரு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "அஞ்சு கிலோ தானியம்டா, இப்படியே கொட்டவா?" என்றவர் விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு வேட்டியோடு வந்தார்.

எங்கள் வீட்டில் வேட்டிக்குப் பஞ்சமில்லை. அத்தை ஊரிலிருந்து வரும்போதே மகனுக்கு நாலு கொண்டுவந்திருக்கிறார். ஆனால் அவர் கையில் இருந்தது எங்கள் அப்பா தலைதீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த எட்டு முழம், மடிப்புக்கூடக் கலையாமல் பெட்டியில் இருந்தது. "அது எதுக்கு அத்தை?" என்றேன். "மத்ததெல்லாம் நல்ல வேட்டிம்மா" என்றார்.

வெந்நீரில் இரண்டு அலசு அலசி, நாலாக மடித்து, கீழ் அண்டாவின் வாயில் கட்டினார்கள். மேலேயிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார்கள். கொஞ்சம் வடிந்ததும் வேட்டியை மூட்டையாகக் கட்டி, ஒரு முனையை அத்தை முந்தானையைச் சுற்றிக்கொண்டு பிடிக்க, மறுமுனையை எதிர்வீட்டுத் தாத்தா என் ஓவன் கையுறையைப் போட்டுக்கொண்டு பிடித்தார். "வலப்பக்கம் முறுக்குங்க... ம்ம், இன்னும்... விட்ராதீங்க!" என்று அத்தை தமிழில் சொல்லச் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் ஆமாம் ஆமாம் என்று முறுக்கினார். இரண்டு பேருக்கும் வயசு எழுபதுக்கு மேலே. வேட்டி முறுக்கிலிருந்து பொன் நிறத்தில் சாறு கொடகொடவென்று அண்டாவில் இறங்கியது. தாத்தா என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, ஒரே பாத்திரமும் ஒரு பையும் போதுமே, இதற்கு ஏன் இவ்வளவு குழாய் என்று கேட்டார். நான் குளிர்காலம் முழுக்கக் கேட்ட அதே கேள்வி. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

கொதிக்கவைப்பதற்கு முன்னால் அத்தை ஒரு டம்ளர் மொண்டு ஆற்றிக் குடித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, "பதநீர் மாதிரியே இருக்குடா" என்றார். இன்னொரு டம்ளர் மொண்டு சுக்குத் தட்டிப்போட்டுத் தாத்தாவுக்கும் கொடுத்தார். மூன்றாவது டம்ளர் அவருக்கே. "இது வரைக்கும் பதநீர். இதுக்கு மேல உன் பாவம்" என்று மகனிடம் அண்டாவை ஒப்படைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கராஜ் தரையை யார் துடைத்தது என்று கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். சர்க்கரைத் தண்ணீர், எறும்பு கீழ்வீட்டு மேல்வீட்டு உறவையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. சக்கையைப் போட ஒரு மாடு இல்லையே என்று அத்தைக்குத்தான் தாங்கவில்லை. டிரைவ்வேயில் பழைய பெட்ஷீட் விரித்துக் காயப்போட்டார். கால் மணி நேரத்தில் கனடா வாத்துகள் பந்திக்கு வந்து உட்கார்ந்தன, விரட்டினால் நம்மை விரட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரெண்டு லோடு துணி, ஒரு வேட்டி, ஒரு பெட்ஷீட்.

இப்போது பேஸ்மென்ட்டில் அந்தக் கோதுமை பீர் பொளக் பொளக்கென்று நுரைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஈஸ்ட்டுக்கு வாழைப்பழ வாசனை வருமாம். அது தெரியாமல் அத்தை நேற்று முழுக்க எங்கோ ஒரு சீப்பு பழுத்து அழுகுகிறது என்று ஒவ்வொரு அலமாரியாகத் தேடினார். இவரோ மூன்று பாத்திரத்துக்கு மாறினால் இந்த அடைப்புப் பிரச்சினையே வராது என்று புது ஷீட் போட்டுக்கொண்டிருக்கிறார். வரும் என்று தாத்தா சொல்கிறார்.

இன்று காலை அப்பா வீடியோ கால் பண்ணினார். அதையும் இதையும் பேசிவிட்டு, எதற்குத்தான் ஞாபகம் வந்ததோ, "மாப்பிள்ளை அந்த வேட்டியை ஒரு தடவையாவது கட்டினாராம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப உபயோகமா இருந்துச்சு சம்பந்தி. வர்ற தீபாவளிக்கு மட்டும் கொஞ்சம் நெருக்க நெசவாப் பார்த்து எடுங்க."