மைனஸ் 30-ல் உடம்பு

கனடாவில் இருக்கும் வின்னிபெக்குக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இங்குள்ள தமிழர்கள் தவறாமல் சொல்வது: "ஒரு விண்டர் போகட்டும், உடம்பு பழகிடும்." அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் துணிமணிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் திருநெல்வேலிக்காரன். அங்கே உடம்புக்கு இருந்த வேலை சூட்டை வெளியே தள்ளுவது. தோலுக்கு ரத்தம் கூடுதலாக வரும், வியர்க்கும், வியர்வை காயும்போது சூடு தணியும். இங்கே ஜனவரியில் மைனஸ் 30 வரும்போது அந்த வேலை தலைகீழாகிவிடுகிறது. மூளையையும் நெஞ்சையும் வயிற்றையும் 37 டிகிரியை ஒட்டிக் காப்பாற்ற, மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கச் சொல்கிறது. பஸ் ஸ்டாப்பில் நின்றால் விரல் நுனி வெளுக்கும், அப்புறம் சுருக் சுருக்கென்று குத்தும், அப்புறம் மரத்துப்போகும். வலி நின்றதும் சரியாகிவிட்டது என்று தோன்றும், அதனால் அதுதான் ஆபத்தான கட்டம். காற்றோடு சேர்த்து மைனஸ் 40 என்று அறிவிக்கும் நாளில், மூடாத தோல் பத்தே நிமிடத்தில் உறைந்துவிடலாம்.

விரல் குளிர்ந்தால் எல்லோரும் தடிமனான கையுறை தேடுகிறார்கள். ஆனால் நெஞ்சும் வயிறும் கதகதப்பாக இருந்தால்தான் உடம்பு விரலுக்கு ரத்தத்தைத் தாராளமாக விடும். அதனால் காசைக் கோட்டுக்கும் உள்ளே போடும் கம்பளிக்கும் முதலில் செலவழியுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தி பனியன் வேண்டாம். வாசலில் பனி அள்ளும்போது அது வியர்வையில் ஊறிவிடும். வேலையை நிறுத்தியதும் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

மகள் பிறந்தபோது வீட்டுக்கு வந்த நர்ஸ் ஒன்று சொல்லித்தந்தார். பிள்ளையின் கை சில்லென்று இருக்கிறதே என்று பதறாமல், பிடரியில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சூடு இருந்தால் கவலையில்லை. பச்சைக்குழந்தையால் நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாது. கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குகிறது. பெரியவர்கள் பலரிடமும் அந்தக் கொழுப்பு வேலை செய்வதை 2009-ல் வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. தினமும் கொஞ்ச நேரம் குளிரில் இருந்து பழகினால் அதன் வேலை கூடும், நடுக்கம் குறையும். "பழகிடும்" என்பதில் உண்மையான பாதி இதுதான்.

எங்கள் கொல்லையில் சூரியகாந்தி விதை கொத்த வரும் சிக்கடீ குருவியைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கும். மொத்த எடையே பத்துப் பன்னிரண்டு கிராம். பகலில் அதன் உடம்புச் சூடு ஏறக்குறைய 42 டிகிரி. கடுங்குளிர் இரவில் தானாகவே பத்து டிகிரி வரை இறக்கிக்கொள்கிறது, பகலில் தின்று சேர்த்த கொழுப்பு விடியும்வரை தாங்க வேண்டும் அல்லவா! நமக்கோ உள்ளுடம்பு 35-க்குக் கீழே போனாலே ஆபத்து.

மே மாதம் ஊருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் போகும் உப்பும் குறையும். அதுவரை மத்தியான வெயிலில் சொந்தக்காரர் வீடுகளுக்கு அலையவிடாமல், உப்புப் போட்ட மோர் கொடுத்து நிழலில் வைத்திருங்கள்.