வாவிக் கரைப் பெயின்ற் தொழிற்சாலை: நாட்குறிப்பு

2024 ஜூன் 8, சனி

மட்டக்களப்பு, கல்லடிக்குத் தெற்கே, வாவிப் பக்கம். கூரைத் தகடு பாதி போய்விட்டது. அரைக்கும் கொட்டகையில் மட்டும் இயந்திரங்கள் கழற்றப்படாமல் நிற்கின்றன: இரண்டு குண்டு மில் (உள்ளே குண்டுகளோடு சுழன்று தூளை அரைக்கும் உருளை), ஒரு மூன்று உருளை மில், சில கலக்கும் தொட்டிகள்.

ஒரு குண்டு மில்லின் உட்புறம் பீங்கான் கல் பதித்தது. மற்றது வெறும் இரும்பு. பீங்கான் மில் வெள்ளைக்கும் இளம் நிறங்களுக்கும். இரும்புக் குண்டு தேய்ந்து உதிரும் தூள் வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். கறுப்புக்கும் காவிக்கும் அதனால் கேடில்லை.

குண்டு மில் உருளையின் உள்விட்டம் 90 சென்ரிமீற்றர், நீளம் 1.2 மீற்றர். மோட்டர் தகட்டில் 1440 சுற்று என்றிருக்கிறது. அதன் கப்பி 4 அங்குலம், எதிர்க் கப்பி 24 அங்குலம், அதன் பிறகு 15 பல்லுச் சில்லு 120 பல்லுச் சில்லைச் சுற்றுகிறது. பெருக்கிப் பார்த்தால் உருளைக்கு நிமிடத்துக்கு 30 சுற்று. இந்த விட்டத்தில் 45 சுற்றை நெருங்கினால் குண்டுகள் சுவரோடு ஒட்டியே சுற்றும், எதுவும் அரைபடாது. மிக மெதுவாகச் சுற்றினால் அடியில் வழுக்கிக்கொண்டு கிடக்கும். 45இல் மூன்றில் இரண்டு பங்குதான் குண்டுகள் ஏறிச் சரியும் வேகம். கப்பிகளைத் தெரிந்தெடுத்தவர் விஷயம் தெரிந்தவர்.

ஜூன் 9, ஞாயிறு

அலுமாரியில் ஒரு பதிவேடு கிடைத்தது. வெள்ளை எனாமல், 100 கிலோ: ரைற்றேனியம் டயொக்சைட் (வெள்ளைத் தூள்) 28, அல்கைட் றெசின் (தூளைப் பிடித்துவைக்கும் பிசின்) 58, மினரல் டர்பன்டைன் (கரைப்பான்) 12, உலர்த்திகள் 1.8, ஆடை தடுப்பி (பேணிக்குள் தோல் படியாமல் காப்பது) 0.2. கூட்டினால் சரியாக 100. ஆனால் இந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எனாமல் செய்ய முடியாது. எது முதல், எது பிறகு என்பது அதில் இல்லை. அதைப் பழைய மில்காரர் சொன்னார்.

மில்லுக்குள் முதலில் போவது தூள் 28, றெசின் 10, டர்பன்டைன் 8 மட்டும். இந்தக் கலவைதான் பசை. மிச்ச றெசின் 48 கிலோவும் வெளியே காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் கலவை தடித்துக் குண்டின் அடியை வாங்கிக்கொள்ளும்.

"குண்டு பாதி. பசை குண்டை மூடினாப் போதும். கூடப் போட்டா அரையாது மனே, குண்டு நீந்தும்." கணக்கும் அதையே சொல்கிறது. உருளையின் கொள்ளளவு ஏறத்தாழ 760 லீற்றர். பாதி அளவுக்குக் குண்டு போட்டால் அவற்றின் இடைவெளி 150 லீற்றர் வரும், பசை அதற்குச் சற்று மேல். அவர் அளந்ததில்லை, காதால் பிடித்தார். பசை குறைந்தால் குண்டு கணகணக்கும், தேய்மானமும் கூடும். சரியென்றால் கடலிரைச்சல் மாதிரி ஒரே சீராகக் கேட்கும்.

அரைத்து முடிந்ததும் வெறும் டர்பன்டைனை ஊற்றி மில்லைக் கழுவக் கூடாது. தூளைச் சுற்றிப் பிடித்திருக்கும் றெசினை அது உரித்தெடுத்துவிடும், தூள் மணிமணியாகக் கட்டிபடும், பிறகு மறுபடி அரைப்புத்தான். முதலில் கொஞ்சம் றெசின், அரை மணி நேரச் சுற்று, அப்புறமே வடிப்பு. மிச்ச றெசின் தொட்டியில் கலக்கும்போது மெல்லிய தாரையாக இறங்க வேண்டும்.

1978 நவம்பர் சூறாவளியில் நனைந்த தூள் மூட்டைகளைப் பற்றியும் பேச்சு வந்தது. காயவைத்து அரைத்தும் கரகரப்புப் போகவில்லையாம். மூட்டைகளுக்குக் கீழே இப்போதும் கிடக்கும் மரச் சட்டங்கள் அதற்குப் பிறகு வந்தவை.

ஜூன் 15, சனி

மேசையில் அரைப்பு அளவுக் கட்டை கிடந்தது. இரும்பில் ஒரு சரிவுப் பள்ளம், ஒரு முனையில் 100 மைக்ரோன் ஆழம், மறுமுனையில் பூச்சியம். ஆழமான முனையில் ஒரு துளி விட்டு, தகட்டால் ஒரே இழுவை. உடனே சாய்த்துப் பார்க்க வேண்டும், தாமதித்தால் டர்பன்டைன் ஆவியாகிப் பொய்ப் புள்ளி தெரியும். புள்ளிகள் தொடங்கும் இடமே அரைப்பின் அளவு. மினுக்க எனாமலுக்கு 12 மைக்ரோனுக்குள் வர வேண்டும். அடிப்பூச்சுக்கு 40, 50 என்றாலும் விட்டுவிடலாம்.

உலர்த்தி கடைசியில்தான். பதிவேட்டின் 1.8 கிலோவில் கோபால்ற்றுத் திரவம் (6 வீதம்) 340 கிராம், மிச்சம் ஈயமும் கல்சியமும். கோபால்ற்று மேற்பரப்பைக் காய வைக்கும், மற்றவை உள்ளே. கச்சான் காலத்தில் இந்த அளவு சரி. மாரியில் காயவில்லை என்று கடைக்காரர் முறையிட்டால் கோபால்ற்றைக் கூட்டத்தான் கை போகும். கூட்டினால் மேலே தோல் விழும், அடி ஈரமாகவே இருக்கும், இரண்டு நாளில் சுருக்கம். மாரிக்கு மருந்து மெல்லிய பூச்சும் பொறுமையும்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளுக்கு வாசலில் தண்ணீர் வாளி வைத்திருந்தார்கள். குவித்துப் போட்டால் தானே சூடேறிப் பற்றும்.

ஜூன் 16, ஞாயிறு

விற்பனைப் பக்கம் வேலை செய்த ஒருவர். திரும்பி வந்த பேணிகளில் பாதிக்கும் மேல் பெயின்ற் நல்லதுதான், சுவர்தான் பிழை என்கிறார். காரம் ஆறாத புதுச் சுண்ணாம்புச் சாந்தில் எண்ணெய்ப் பெயின்ற் பூசினால் காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக்கிவிடும், பூச்சு பிசுபிசுத்து உரியும். இவர்கள் சுவரை நனைத்து மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தடவிப் பார்ப்பார்களாம். சிவந்தால் காரம் இருக்கிறது, பொறு. மஞ்சளாகவே நின்றால் பூசு. செலவில்லாத, சரியான சோதனை.

ஈயச் செந்தூரத்தை (இரும்பு துருப்பிடிக்காமல் பூசும் சிவப்புத் தூள்) குழைத்துப் பேணியில் அடைக்கவில்லை. ஆளிவிதை எண்ணெயோடு சேர்ந்தால் அது பேணிக்குள்ளேயே இறுகும். தூள் வேறு, எண்ணெய் வேறாகக் கொடுத்து, பூசும் அன்றைக்குக் குழைக்கச் சொன்னார்கள்.

ஜூன் 22, சனி

பின்னறையில் மஞ்சள் நிறப் பெயின்ற் தூள் பீப்பா. ஈயக் குரோமேற்று, திறக்கவில்லை. ஈயம் பட்டால் சிவக்கும் சோதனைக் குச்சிகள் இதில் ஏமாற்றும். குரோமேற்று மெதுவாகத்தான் கரையும், குச்சி சிவக்காததால் ஈயமில்லை என்று எடுக்கக் கூடாது. இப்போது ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் மாதிரிச் சட்டம் பெயின்றில் 90 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 90 பங்கு) ஈயத்தை மேல்வரம்பாக வைக்கிறது. இந்தப் பீப்பாவில் இருப்பதில் பாதிக்கு மேல் ஈயமே.

தரையை வரட்டு விளக்குமாற்றால் கூட்டவே கூடாது. நனைத்து, துணியால் துடைத்து, துணியையும் தண்ணீரையும் மூடிய வாளியில் சேர்க்க வேண்டும். வாவிக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது. போட்ட உடுப்பை வீட்டுத் துணியோடு துவைப்பதும் வேண்டாம்.

பழைய இரும்பு வாங்குபவர் மில்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். காஸ் கட்டரால் அப்படியே வெட்டினால் பூச்சு எரிந்து ஈயப் புகை கிளம்பும். வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் குறைந்தது 10 சென்ரிமீற்றர் பூச்சை, பெயின்ற் நீக்கி தடவி ஈரமாகவே சுரண்டியெடுத்துவிட்டுத்தான் வெட்டலாம் என்று அவரிடம் சொல்லியாயிற்று. தொட்டிகளின் அடியில் காய்ந்து கிடக்கும் வண்டலுக்கும் இதே விதி. தொட்டிக்குள் கட்டரை இறக்குவதற்கு முன் டர்பன்டைன் ஆவி நிற்கிறதா என்று வாயுமானியால் பார்க்க வேண்டும்.