ஆடுபுலி ஆட்டமும் முதல் நூறு டாலரும்

பகலில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் நான், இரவுகளில் காட்பாடி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதிய ஆடுபுலி ஆட்டம் இணையத்தில் ஏறி ஒன்றரை ஆண்டுகள் ஆகின்றன. 3 புலி, 15 ஆடு, 23 முனைகள். உலாவியில் திறந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். தளத்தில் விளம்பரம் காட்டினால் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் எண் தபாலில் வரும். அந்தக் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது எனக்கு நான்கு மாதங்கள் கடந்திருந்தன. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே வேர்டிலைக் காட்டுகிறார்கள். ஜோஷ் வார்டில் தன் துணைவிக்காகச் செய்த அந்தச் சொல் விளையாட்டை, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது உண்மைதான். ஆனால் அதுவரை அதில் ஒரு விளம்பரம்கூட இருந்ததில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

காரணம், நான் செய்த தவறு. காயை நகர்த்தும் பலகைக்கு ஒட்டினாற்போல் கீழேயே விளம்பரப் பட்டையை வைத்திருந்தேன். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த அத்தை என் கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஆட்டை வைக்கப் போன கட்டைவிரல் பட்டையில் பட்டு, திரையில் ஏதோ செருப்புக் கடை திறந்தது. "ஏம்பா, ஆட்டை வெக்கப் போனா கடைக்கு இட்டுக்கினு போவுதே" என்றார். மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார். நான் வருமானம் என்று எண்ணி மகிழ்ந்த சொடுக்குகளில் எத்தனை இப்படித் தவறிப் பட்டவையோ என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. அத்தகைய சொடுக்குகள் விதிப்படியும் செல்லாதவை.

பட்டையை எடுத்துவிட்டேன். இப்போது ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குமுன் மட்டுமே விளம்பரம் வருகிறது. தவறான நகர்வைத் திரும்பப் பெற விரும்புகிறவர் தாமே கேட்டு ஒன்றைப் பார்க்கலாம். போக்கி, கிரேஸிகேம்ஸ் போன்ற விளையாட்டுத் தளங்கள் விளம்பர வருவாயில் பங்கு தருகின்றன. அங்கும் இடைவேளையில் விளம்பரம் காட்டுவதே வழக்கம். முதல் மாதம் வருமானம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒருவர் ஒரே அமர்வில் ஆடும் ஆட்டங்கள் கூடின, நான்காம் மாதம் பழைய தொகையைத் தாண்டியது. உலாவி விளையாட்டுகள் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடிய காலத்தில் விளையாட்டை ஒரே தடவையில் விலை கொடுத்து வாங்கித் தம் முத்திரையை ஒட்டிக்கொள்ளும் தளங்கள் இருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவே முடிந்துவிட்டது. இன்று ஆடுகிறவர் திரும்பி வந்தால்தான் நமக்குக் காசு.

அடுத்துப் பல்லாங்குழி எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு குழிகளையும் திரையின் நடுவில் வைத்து, சுற்றிலும் ஒரு விரல் அகலம் வெறுமையாக விட்டிருக்கிறேன். அத்தை அடுத்த முறை வரும்போது முதலில் அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.