கிலோபாட் கூட்டத்தை மேசையில் ஓடவைத்த அனுபவம்

கிலோபாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹார்வர்டில் உருவான குட்டி ரோபோ. 2014இல் 1024 கிலோபாட்டுகள் தாமாகவே நகர்ந்து நட்சத்திர வடிவில் நின்று காட்டின. 3.3 செ.மீ. அகலம், மூன்று கம்பிக் கால்கள், செல்போனில் இருப்பது மாதிரி இரண்டு அதிர்வு மோட்டார்கள். எங்கள் ஆய்வகத்தில் இருந்த சிறு கூட்டத்துக்கு கிரேடியன்ட் நிரல் எழுதும் வேலை எனக்கு வந்தது. விதை என்ற தொடக்க ரோபோவிலிருந்து தான் எத்தனை படி தள்ளி நிற்கிறது என்பதை ஒவ்வொரு ரோபோவும் தானே கணக்கிடுவதுதான் கிரேடியன்ட்.

விதி எளிது. விதை ரோபோவின் எண் 0. மற்றவை, பக்கத்தில் கேட்கும் எண்களில் மிகச் சிறியதோடு 1 கூட்டித் தம் எண்ணாக வைத்துக்கொள்ளும். எண்ணுக்கேற்ற நிறத்தில் எல்இடி எரியும். ரோபோக் கூட்டத்தைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஆர்கோஸ் சிமுலேட்டரில் இது சிக்கலில்லாமல் ஓடியது.

மேசைக்கு வந்தால் முதலில் கேலிப்ரேஷன். ஒரே கட்டளைக்கு ஒரு ரோபோ நேராகப் போகும், இன்னொன்று வட்டமடிக்கும், வேறொன்று நின்ற இடத்திலேயே நடுங்கும். ஒவ்வொன்றுக்கும் இடம், வலம், முன் என்று மோட்டார் மதிப்புகளைத் தேடிப் பதிய வேண்டும். பொறுமையாகச் செய்யுங்கள், இதில் குறுக்குவழி இல்லை. அகச்சிவப்பு ஒளியை மேசைப்பரப்பில் பட்டுத் தெறிக்கவிட்டுத்தான் இவை பேசிக்கொள்கின்றன. அதனால் வழவழப்பான வெள்ளைப் பலகை வேண்டும், ஜன்னல் வெயிலும் விழக்கூடாது.

நிஜமான வேலை அப்புறம்தான் தொடங்கியது. விதை ரோபோவை மேசையிலிருந்து எடுத்தால் நிறங்களெல்லாம் அணைய வேண்டும் அல்லவா? அணையவில்லை. பழைய மெசேஜை மறக்க நேரக்கெடு வைத்திருந்தும், ஒன்று "நான் 2" என்றது, அதைக் கேட்டு அடுத்தது "அப்படியானால் நான் 3" என்றது, அதைக் கேட்டு முதலாவது 4 ஆனது. ஆள் ஊரைவிட்டுப் போன பிறகும் அவரைப் பற்றிய பேச்சு வாய்க்கு வாய் சுற்றுவது போல, இல்லாத விதையின் எண் கூட்டத்துக்குள் ஏறிக்கொண்டே போனது. எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் "விதை இல்லை" என்று அறிவித்து எல்இடியை அணைக்கச் செய்ததும் சரியானது.

நேரக்கெடுவில்தான் அதிக கவனம் தேவை. ஒரு ரோபோ விநாடிக்குச் சுமார் 2 மெசேஜ் அனுப்பும். நெரிசலில் மெசேஜ்கள் மோதித் தொலையும். கெடு குறைவாக இருந்தால் நிறங்கள் சும்மா மினுங்கும், அதிகமாக இருந்தால் மாற்றத்தைக் கூட்டம் தாமதமாகவே உணரும். அடர்த்தியான நடுப்பகுதியைப் பார்த்தே இதை முடிவு செய்யுங்கள், ஓரத்தில் எந்த மதிப்பும் நன்றாகவே தெரியும்.

பிழை தேட நம்பக்கூடியது எல்இடி மட்டும்தான். கணினியோடு இணைக்கும் சீரியல் கேபிளில் ஒரு ரோபோவைத்தான் பார்க்க முடியும், கூட்டத்தின் பிழை அதில் அகப்படாது. அதனால் "மெசேஜ் வரவில்லை", "கெடு முடிந்தது" என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறம் ஒதுக்கி, மேலிருந்து வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.

கிலோபாட்டுக்கு எழுதிய அதே சி மொழி நிரலை ஆர்கோஸிலும் ஓட்டலாம் என்பது பெரிய வசதி. மெசேஜ் வாங்கும் இடத்தில் சிலவற்றை வேண்டுமென்றே தள்ளிவிடும் வரிகளைச் சேர்த்தேன். மேசையில் கண்ட மினுங்கல் சிமுலேட்டரிலும் வந்தது. இப்போது எந்த மாற்றத்தையும் முதலில் அங்கே சோதித்த பிறகே ரோபோக்களில் ஏற்றுகிறேன்.