பறக்காத பூச்சியிடமிருந்து நல்ல முட்டை எடுப்பது எப்படி

பட்டுப்புழு வளர்க்கும் பலர் அதன் அந்துப்பூச்சியைக் கவனித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பூச்சி வெளிவந்தால் கூட்டில் ஓட்டை விழும், நூல் அறுந்து அறுந்து வரும். அதனால் அதற்கு முன்பே கூட்டைச் சூடேற்றிவிடுகிறார்கள். பூச்சியைப் பார்க்க முட்டை தயாரிக்கும் வித்தகத்துக்குத்தான் போக வேண்டும்.

வெளுத்த இறகு, பருத்த உடல். இறகு இருந்தும் பறக்காது. வாயும் பயன்படாது, புழுவாக இருந்தபோது தின்ற மல்பெரி இலைதான் கடைசிவரை ஆகாரம். பெண், வயிற்று நுனியிலுள்ள சுரப்பியை நீட்டியபடி உட்கார்ந்திருக்கும். அந்த வாசனை பட்டதும் ஆண் இறகைப் படபடவென அடித்துக்கொண்டு நடந்தே தேடிவரும். 1959-ல் ஜெர்மானிய வேதியியலாளர் பூட்டனான்ட் அடையாளம் கண்ட 'பாம்பிகால்' இதுதான். அதற்காக ஏறக்குறைய 5 லட்சம் பெண் பூச்சிகள் தேவைப்பட்டன!

கலப்பின முட்டைக்கு, கூட்டுப்புழுவிலேயே ஆண் பெண் பிரித்தாக வேண்டும். பெண்ணுக்கு எட்டாவது வயிற்றுக் கண்டத்தில் பெருக்கல் குறி போன்ற கோடு தெரியும். ஆணுக்கு ஒன்பதாவதில் சிறு புள்ளி. இங்கே அசட்டையாக இருந்தால் ஒரே இனத்துக்குள் இணைந்துவிடும், கலப்பினம் என்ற பேச்சே இல்லை.

பூச்சிகள் விடிகாலையில் வரும். இணை சேர்த்து 3 முதல் 4 மணி நேரம் இருட்டில், 25 டிகிரி செல்சியஸில் விடுங்கள். பிரிக்கும்போது இழுக்காதீர்கள், பெண்ணின் உறுப்பு காயப்படும்; ஆணை மெல்லத் திருகி எடுக்க வேண்டும். அந்த ஆணை 5 டிகிரி குளிரில் வைத்து இன்னொரு முறை பயன்படுத்தலாம். பெண்ணை லேசாகத் தட்டிச் சிறுநீர் கழிக்க வைத்த பிறகே முட்டை அட்டையில் விடுங்கள், இல்லாவிட்டால் அட்டை கறையாகும். ஒரு பூச்சி 400 முதல் 500 முட்டை இடும். பூச்சியின் இறகுச் செதில் தூசி மூச்சுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

இருபோக இனத்தில் (ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் இனம்) நல்ல முட்டை 2, 3 நாளில் மஞ்சளிலிருந்து கருத்துவிடும். மஞ்சளாகவே நின்றால் கரு கூடவில்லை. இணை நேரம் குறைந்திருக்கலாம், ஆணைப் பலமுறை பயன்படுத்தியிருக்கலாம், கூட்டுப்புழுப் பருவத்தில் கடும் வெயில் தாக்கி ஆண் மலடாகியும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், தாயிடமிருந்து முட்டைக்குத் தொற்றும் பெப்ரின் நோய். 1860-களில் பிரான்சின் தெற்குப் பகுதியில் லூயி பாஸ்டர் வகுத்த சோதனைதான் இன்றும் காவல்: முட்டையிட்ட தாய்ப்பூச்சியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பது. முட்டை வடிவில் பளபளக்கும் நோய்க்கிருமியின் வித்து (ஸ்போர்) தெரிந்தால் அந்தத் தாயின் முட்டை முழுவதையும் எரித்துவிடுங்கள். கழுவினால் போகாது, கிருமி முட்டைக்குள்ளேயே இருக்கிறது.