பலூனை ஊதி வைத்துக்கொண்டு பார்த்த கதை

சிடி ஸ்கேன் அறையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான், படம் ஆடக்கூடாது. பெரியவர்களிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் போதும். குழந்தைகளிடம் அது நடக்காது, அதனால் மயக்க மருந்து டாக்டர் வந்து தொண்டையில் டியூப் போட்டு, பையை அழுத்திக் காற்றை உள்ளேயே நிறுத்திப் பிடிப்பார், நான் பட்டனை அழுத்துவேன், படம் கண்ணாடி மாதிரி வரும்.

அப்படிக் கண்ணாடி மாதிரி வந்த ஒரு படம்தான் எங்களை ஏமாற்றியது. எட்டு மாதக் குழந்தை. மூச்சு விடும்போதெல்லாம் கரகரப்பு, இருமினால் நாய் குரைப்பது போல ஒரு சத்தம், வீசிங் என்று மாதக்கணக்கில் நெபுலைசர் வைத்தும் குறையவில்லை. ரிப்போர்ட்டில் மூச்சுக்குழாய் நார்மல் என்று போனது. இரண்டு வாரம் கழித்து, குழந்தை தானாக மூச்சு விடும் அளவுக்கு மட்டும் லேசாக மயக்கி பிராங்கோஸ்கோப்பி (கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு மூச்சுக்குழாயைப் பார்ப்பது) செய்தார்கள். ஒவ்வொரு முறை மூச்சு வெளியேறும்போதும் குழாயின் கீழ்ப்பகுதி கிட்டத்தட்ட ஒட்டிப்போனது. டிரக்கியோமலேசியா, அதாவது மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் நோய்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. மூச்சுக்குழாயின் முன்பக்கம் 'ப' வடிவக் குருத்தெலும்பு, பின்பக்கம் தசையும் சவ்வும்தான். குருத்தெலும்பு தளர்ந்திருந்தால், மூச்சு விடும்போது மார்புக்குள் ஏறும் அழுத்தத்தில் பின்சுவர் முன்னால் வந்து ஒட்டும். நாங்களோ காற்றை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறோம். பலூனை ஊதி வைத்துக்கொண்டு, சுருங்குகிறதா என்று பார்த்த கதைதான். (நெபுலைசரில் போகும் சில மருந்துகள் அந்தத் தசையை இன்னும் தளர்த்திவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.)

இப்போதெல்லாம் கைக்குழந்தை என்றால் முடிந்தவரை மயக்கமே கிடையாது. முதலில் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்து) ஏற்றுவதற்கான ஊசியை மட்டும் பொருத்திவிட்டு, பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, தூங்கும்வரை காத்திருக்கிறோம். சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகும், வெளியே வரிசையில் இருப்பவர்கள் திட்டுவார்கள், சரி, திட்டட்டும். புது மெஷின் 16 செ.மீ. நீளத்தை ஒரே சுற்றில், அரை நொடிக்குள் எடுத்துவிடும், குழந்தையின் மார்புக்கு அது தாராளம். கதிர்வீச்சைக் குறைத்து உள்மூச்சில் ஒன்று, வெளிமூச்சில் ஒன்று. நான் மானிட்டரை விட்டுவிட்டுக் குழந்தையின் வயிற்றைத்தான் பார்க்கிறேன், அது இறங்கும்போது பட்டன்.

தூக்கத்தில் மெதுவாக விடும் மூச்சில் குறுகல் குறைவாகவே தெரியும், அதனால் பிராங்கோஸ்கோப்பியின் இடத்தை இது பிடித்துவிடாது. ஆனால் குழாயை வெளியிலிருந்து ஏதாவது ரத்தக்குழாய் அழுத்துகிறதா என்பது இதில்தான் தெரியும்.

போன மாதம் ஒரு பாப்பா. கதிர்வீச்சைத் தடுக்கும் லெட் ஏப்ரன் போட்டுக்கொண்டு பாட்டி பக்கத்திலேயே நின்றார். மூச்சுக்குழாய் உள்மூச்சில் வட்டமாக 5 மி.மீ., வெளிமூச்சில் பிறை மாதிரி 2 மி.மீ. பாதிக்கு மேல் குறுகினால் நோய் என்பது வழக்கமான கணக்கு. நான் அளந்துகொண்டிருக்கும்போதே பாப்பா விழித்துவிட்டது, மைக்கில் அந்தக் குரைப்பு கேட்டது. பாட்டி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இதுதான் தம்பி, இதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தோம்" என்றார்.