ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கு?

வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். லாரி இடித்தது, டிராக்டர் இடித்தது என்று வரும் கட்சிக்காரர்களிடம் எங்கள் சார் முதலில் கேட்பது எஃப்.ஐ.ஆர். நம்பர். போலீஸ் ஜீப் இடித்தது என்று யாராவது வந்தால் மட்டும் கேள்வி மாறிவிடும்: "ஏ.ஆர். காப்பியில என்ன எழுதியிருக்கு?"

அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கேஷுவாலிட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேடு அது. எங்கே, எப்போது, எதில் அடிபட்டது என்று கூட வந்தவர் சொல்வதை இரண்டு வரியில் எழுதிவிடுவார். கூட வந்தவரே அந்த ஜீப்பில் இருந்த போலீஸ்காரர் என்றால், அந்த இரண்டு வரி எப்படியிருக்கும்?

ஒரு கொத்தனார் கேஸ். பைபாஸில் மீடியன் இடைவெளியில் ஸ்டேஷன் ஜீப் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியிருக்கிறது. எக்ஸ்.எல். வண்டியில் வந்தவருக்கு வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. அதே ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விட்டுவிட்டு ஓடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏ.ஆர். காப்பியில் "பைக் ஸ்கிட் ஆகித் தானாகக் கீழே விழுந்ததில்" என்று ஏறிவிட்டது. ராத்திரியே மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினார்கள். அங்கே மனைவி கூட இருந்ததால் "போலீஸ் ஜீப் மோதியதில்" என்று பதிவானது. ஒரே காலுக்கு இரண்டு விபத்து.

எஃப்.ஐ.ஆர். நாலு நாள் கழித்து வந்தது. இ.பி.கோ. 279; எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கொத்தனாரே. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து நிலைதடுமாறி விழுந்தாராம். ஜீப் என்ற சொல்லே அதில் கிடையாது. எம்.வி.ஐ. எனும் மோட்டார் வாகன ஆய்வாளரின் சோதனைக்கு அனுப்பியதும் எக்ஸ்.எல்.லை மட்டும்தான்.

எஃப்.ஐ.ஆர். போடுவது, ரஃப் ஸ்கெட்ச் வரைவது, விபத்து நடந்த இடத்தைப் பார்த்து எழுதும் மகஜருக்கு சாட்சி பிடிப்பது எல்லாமே அந்த ஜீப் நிற்கும் ஸ்டேஷன்தான். தனியார் லாரி என்றால் பணம் கொடுக்கவேண்டிய இன்சூரன்ஸ் கம்பெனியாவது ஆள் அனுப்பித் துருவும். மோட்டார் வாகனச் சட்டம் 146(2) அரசு வாகனங்களுக்கு இன்சூரன்ஸிலிருந்து விலக்கு தருகிறது. அதனால் வெளியாள் ஒருவர் கண்கூட ஃபைல் மேல் படுவதில்லை.

ஆள் இறந்துபோய், இடித்தது 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று முடித்துவிட்டால் இன்னும் மோசம். 2022 ஏப்ரலில் வந்த திட்டப்படி அந்தக் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், அவ்வளவுதான். அதற்கு முன்பு 25,000. வண்டி எதுவென்று தெரிந்திருந்தால், 35 வயதுக்காரருக்கு அவருடைய சொந்தச் செலவைக் கழித்த வருட வருமானத்தை 16-ஆல் பெருக்கித்தான் கணக்கையே ஆரம்பிப்பார்கள்.

கொத்தனார் கேஸுக்கு வருகிறேன். நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் அரசுத் தரப்பு, ஜீப் மோதவே இல்லை என்றது. மோதியிருந்தாலும் அது அரசுக் கடமையில் இருந்த வண்டி, அதனால் அரசு பொறுப்பில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. பின்னதற்கு 1962-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. உதய்ப்பூரில் பணிமனையிலிருந்து திரும்பிய கலெக்டர் ஜீப், நடைபாதையில் போனவரை இடித்துக் கொன்ற வித்யாவதி வழக்கு அது. டிரைவரின் அஜாக்கிரதைக்கு ராஜஸ்தான் அரசே பொறுப்பு என்று தீர்ப்பானது. முன்னதற்குத்தான் ஆதாரம் தேட வேண்டியிருந்தது. பெட்டிஷன் போட்டு, வண்டி எங்கெல்லாம் போனது என்று எழுதிவைக்கும் ஜீப்பின் லாக் புக்கை வரவழைத்தோம். மறுநாளே வண்டி பணிமனைக்குப் போயிருந்தது. கூடவே வந்த எஸ்டிமேட்டில் இடதுபக்க பம்பர், ஹெட்லைட், மட்கார்டு. தானாக விழுந்த ஆள் ஜீப்பின் ஹெட்லைட்டை எப்படி உடைத்தார் என்று சார் கேட்டார். கூண்டில் நின்ற டிரைவரிடம் பதில் இல்லை.

அந்த டிரைவரைப் பிறகு கோர்ட் வாசல் டீக்கடையில் பார்த்தேன். இரண்டு நாள் திருவிழா பந்தோபஸ்து முடித்து, தூங்காமல் ஓட்டியிருக்கிறார். "பக்கத்துல அய்யா உட்கார்ந்துகிட்டு போ போன்னா போகாம இருக்க முடியுமாண்ணே? இடிச்சேன்னு எழுதினா மூணு பி சார்ஜ் எனக்கு, இன்கிரிமென்ட் கட் எனக்கு, ரிப்பேர் காசும் என் சம்பளத்துல. அய்யா பேர் எங்கயும் வராது." மூணு பி என்பது போலீஸ்காரர்கள் மேல் எடுக்கும் துறை நடவடிக்கை. சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் அந்த இன்கிரிமென்டைக் காப்பாற்ற, சாரத்தில் ஏற முடியாமல் போன ஒருவரை எதிரியாக்கியதை என்னால் சரியென்று சொல்ல முடியவில்லை. அய்யாவோ சாட்சியாகக்கூட வரவில்லை.

நஷ்டஈடு 7.5 சதவீத வட்டியோடு தீர்ப்பானது. பணம் அரசு கஜானாவிலிருந்து வரவேண்டும்; அரசு மேல்முறையீடு போயிருக்கிறது. அந்த 279 கேஸ் தனியாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கிடக்கிறது. "சின்ன ஃபைன்தான், ஒத்துக்கிட்டு கட்டிட்டுப் போயிடுங்க" என்று ஸ்டேஷனிலிருந்து அன்பாகவே சொல்கிறார்களாம். ஒத்துக்கொண்டால் அந்தத் தீர்ப்பு நகலைத்தான் ஹைகோர்ட்டில் நீட்டுவார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல்நாள் ராத்திரி போன் போட்டு, "ஒத்துக்காதீங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.